பூதலிங்கத்தின் யெஸ்டியும் மேலக்காற்றும்

குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது அழகியநாயகி டீச்சர் குளித்துவிட்டு வந்தார். பருப்பு போட்டதாக அவருக்கு நினைவில்லை. கணவரோ அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தே ஆறு மாதம் இருக்கும். மனிதர் திருந்திவிட்டாரோ என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டார், பாவம். ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்தார். எலுமிச்சைத் தோலும் புளியும் மிதக்கிற கருந்தண்ணீருக்குள் ஒரு கார்புரேட்டர் வெந்துகொண்டிருந்தது.

"இது என்னது?"

"அது ஒண்ணுமில்ல நாயகி. உள்ள இருக்க அழுக்கு எளகுறதுக்காக்கும்."

"இதுல நான் நாளைக்கு சாம்பார் வைக்கணுமா?"

"நல்லா தேச்சுக் கழுவித் தந்துருவேன்லா."

டீச்சர் குக்கரை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டு, இட்லிக்குச் சட்னி அரைக்க ஆரம்பித்தார். மிக்சி ஓடிய ஓட்டத்திலேயே பூதலிங்கத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. இன்று பெரிய கச்சேரி இருக்கிறது.

பூதலிங்கத்துக்கு வயது ஐம்பத்தொன்று. பிறந்தது பூதப்பாண்டி, குடியிருப்பு தோவாளை, வேலை முப்பந்தலில். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு முடித்த கையோடு காற்றாலைக் கம்பெனியில் சேர்ந்தவர், இருபத்தாறு வருஷமாகக் காற்றாலைகளோடுதான் பிழைப்பு. எண்பது மீட்டர் உயரக் கோபுரத்துக்குள் ஏணியில் ஏறி, உச்சியில் உட்கார்ந்து போல்ட் முறுக்குகிற மனிதர். கீழே நின்று காதைக் கொடுத்தாலே எந்தக் காற்றாலையில் எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் முழுவதும் வீட்டு வாசலில் நிற்கிற யெஸ்டி பைக்கிடம் வந்ததும் காணாமல் போய்விடும், அதுதான் கூத்து.

எண்பத்துநாலாம் வருஷத்து வண்டி. நாற்பது வருஷம் ஓடிய வண்டியின் கார்புரேட்டரைக் குறை சொல்வது பாவம். அதுவும் தேய்ந்து, தொளதொளத்து, பெட்ரோலை ஒரு நேரம் அள்ளிக் கொட்டும், ஒரு நேரம் சொட்டுகூடத் தராது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பூதலிங்கம் காலையில் அதைக் கழற்றுவார், மத்தியானம் துடைப்பார், சாயந்திரம் மாட்டுவார். திங்கட்கிழமை காலையில் அது கிளம்பாது. டீச்சர் தன் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவரைக் கம்பெனி ஜீப் வருகிற இடத்தில் இறக்கிவிட்டுப் போவார். இப்படி எத்தனை வருஷம் பொறுப்பது? பொறுத்தார். குக்கரில் கார்புரேட்டர் வெந்ததோடு பொறுமை ஆவியாகிவிட்டது.

"தங்கப்பனுக்குப் போன் போடுங்க" என்றார் இட்லித் தட்டை வைத்துக்கொண்டே.

தங்கப்பன் களியக்காவிளைக்காரர். பழைய வண்டிகளை வாங்கி, பாலீஷ் போட்டு, எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கிற பணக்காரர்களுக்கு விற்பவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கம் வந்தால் பூதலிங்கம் வீட்டில் ஒரு சாயா குடித்து, யெஸ்டியின் டேங்கைப் பசுமாட்டைத் தடவுவதுபோல் தடவிவிட்டு, "அண்ணாச்சி, மனசு மாறுனா ஒரு மிஸ்டு கால் விட்டா போதும் கேட்டியளா" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆறு வருஷமாக மனசு மாறவில்லை.

"நாயகி, ஒரே ஒரு மாசம் தா" என்றார் பூதலிங்கம். "பழைய கார்புரேட்டரத் தூரப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு மாட்டுதேன். சைலன்சரும் மாத்துதேன். பெறகு பாரு."

"பாத்துப் பாத்துத்தான் எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு."

"ஆவணி மொத ஞாயித்துக்கெழம நாகராஜா கோயிலுக்குப் பால் ஊத்தப் போவோம்லா? நீயும் நானும் இந்த வண்டியிலதான் போறோம். வழியில எங்கயாவது நின்னுதுன்னா, அன்னைக்கே தங்கப்பன வந்து தூக்கிட்டுப் போவச் சொல்லிரலாம். இது என் வாக்கு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான். டீச்சர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நானா? அந்த வண்டியிலயா?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கல்யாணமான புதிதில், மறுவீட்டுக்குப் போகிற அன்று, பட்டுச்சேலையோடு அந்த வண்டியில் ஏறினார். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, வண்டி நின்றுவிட்டது. புதுமாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் கழற்றி மாட்டினார். புதுப்பெண் கடைசியில் அந்த வழியாய் வந்த வாழைக்குலை லோடு ஆட்டோவில், குலைகளுக்கு நடுவே உட்கார்ந்து அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். பட்டுச்சேலையில் பட்ட வாழைக்கறை எந்த சோப்புக்கும் மசியவில்லை. அன்று வண்டி நின்றதற்குக் காரணம், மாப்பிள்ளை பெட்ரோல் டேங்கின் குழாயைத் திறக்க மறந்துபோனது. அதை அவர் இன்றுவரை மனைவியிடம் சொல்லவில்லை, சொல்கிற உத்தேசமும் இல்லை. அன்றைக்கு இறங்கிய டீச்சர் பிறகு அதில் ஏறவேயில்லை.

ஆனாலும் இந்தத் தடவை அவர் தலையாட்டினார். ஒரு நாள் ஏறி உட்கார்ந்தால் சனியன் தொலைந்தது என்று கணக்குப் போட்டிருப்பார். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் அல்லவா!

புது கார்புரேட்டர் பார்சலில் வந்தது. ஜப்பான் மாடலைப் பார்த்து எங்கோ வார்த்த சரக்கு. பெட்டியின்மேல் எழுதியிருந்தது என்ன மொழி என்று பூதலிங்கத்துக்குத் தெரியவில்லை. அதோடு ஒரு சின்ன டப்பா நிறைய ஜெட்டுகள். ஜெட் என்றால் கத்தரிக்காய் விதையைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு, நடுவில் ஊசித்துளை. அந்தத் துளை வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். துளை பெரிதானால் வண்டி புகையைக் கக்கும், சிறிதானால் பெட்ரோல் போதாமல் சூடேறி நின்றுவிடும். தொண்ணூறு நம்பரிலிருந்து நூற்றுமுப்பதுவரை ஒன்பது ஜெட்டுகள். அதில் எது தன் வண்டிக்கு உரியது என்று கண்டுபிடிப்பதுதான் டியூனிங். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதைவிட இதில் பொருத்தம் அதிகம் பார்க்க வேண்டும்.

சைலன்சருக்கு அவர் குளச்சல் போனார். அங்கே சிலுவைமுத்து, படகு எஞ்சின்களுக்குப் புகைக்குழாய் வளைத்து வெல்டு வைக்கிறவர். அந்தக் கையில் ஒரு தடவை ஒட்டிய குழாய் உப்புத்தண்ணீரில் பத்து வருஷம் கிடந்தாலும் விடாது என்று கடற்கரையில் பேர்.

"எனக்கு யெஸ்டி சைலன்சரெல்லாம் தெரியாதுவே" என்றார் சிலுவைமுத்து. "படகுக்குச் செய்யத மாரி செஞ்சு தாறேன். நடுவுல கொஞ்சம் வயிறு வச்சு விடுதேன். ஓட்டம் பிடிச்சுதுன்னா நிக்காது, பாத்துக்கிடும்."

"சத்தம்?"

"சத்தமா? அதுக்குள்ள கண்ணாடிப் பஞ்சு திணிச்சுத் தாறேன். போலீசு பிடிச்சா என் பேரச் சொல்லாதயும்."

கண்ணாடிப் பஞ்சு திணித்தும் சத்தம் போகவில்லை, கொஞ்சம் பதவிசாயிற்று, அவ்வளவுதான். முதல் நாள் தோவாளைத் தெருவில் அது நுழைந்தபோது பூச்சந்தையில் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கி மேற்கும் கிழக்கும் பார்த்தார்கள். அச்சு அசல் மீன்படகு கரைக்கு வருகிற சத்தம். மதில்மேல் தூங்கிய பூனை ஒன்று எழுந்து வண்டி பின்னாலேயே வீடுவரை வந்தது.

"கடலு இங்கேருந்து எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று டீச்சர் வாசலில் நின்று கேட்டார்.

"இருவது கிலோமீட்டர் இருக்கும். ஏன்?"

"இல்ல, கேட்டேன்."

பூனைக்கு ஒரு கிண்ணம் பால் வைத்து அனுப்பினார்.

பிறகு டியூனிங் நடந்தது. ஒரு ஜெட்டை மாட்டி, வண்டியை முழு வேகத்தில் விட்டு, ஓடுகிற ஓட்டத்தில் எஞ்சினை அணைத்து, ஓரமாக உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் மூக்கைப் பார்க்க வேண்டும். மூக்கின் நிறம்தான் ஜாதகம். பூதலிங்கம் இதைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது செய்வார். ஆரல்வாய்மொழி தாண்டியதும் கிழக்கே நூல் பிடித்தாற்போல ஒரு ரோடு, அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. இரண்டு பக்கமும் காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகத்தைத் திருப்பி நின்று சுற்றிக்கொண்டிருக்க, இவர் கிழக்கே பறப்பார். கழற்றிய பிளக்கைத் தாளில் பொதிந்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பழைய பிளக்கை மாட்டிக்கொள்வார். சாயந்திரம் ஏணி ஏறி இறங்கிய அசதியோடு நாற்பதைத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வார்.

வந்ததும் பொதியைப் பிரித்து மனைவியிடம் நீட்டுவார். நிறம் பார்ப்பதில் அவருக்குத் தன் கண்மேல் நம்பிக்கை இல்லை. வண்டிமேல் இருக்கிற பாசம் கண்ணை மறைத்துவிடும்.

"நாயகி, இது என்ன நெறம்?"

"அடிபிடிச்ச கருப்பட்டி" என்பார் டீச்சர், காய் நறுக்கிக்கொண்டே. அப்படியென்றால் ஜெட் பெரிது. நாட்காட்டித் தாளின் பின்பக்கம் 'நூற்றிருபது, அடிபிடித்த கருப்பட்டி' என்று எழுதிவைப்பார்.

மறுநாள் நூற்றுப்பதினைந்து. "உளுந்து தோல்." அடுத்த நாள் நூற்றுப்பத்து. "வறுத்த மிளகு." வியாழக்கிழமை நூற்றைந்தைப் போட்டுவிட்டு வந்து நீட்டினார். டீச்சர் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பக்குவமா வறுத்த கொத்தமல்லி."

பூதலிங்கம் துள்ளிக் குதித்தார். ஐம்பத்தொரு வயதுக்காரர் குதிக்கிற குதியா அது! வறுத்த கொத்தமல்லி நிறம்தான் உலகத்து மெக்கானிக்குகள் எல்லோரும் தேடுகிற நிறம். வண்டியும் அன்று காலை எண்பத்தைந்தைத் தொட்டது. சிலுவைமுத்து சொன்னது சரிதான், ஓட்டம் பிடித்ததும் அந்த வயிற்றுக்குழாய்க்கு ஒரு வெறி வந்துவிடுகிறது. வண்டி கையைவிட்டு முன்னால் ஓடப் பார்க்கிறது. அவர் அன்றிரவு மூன்று தடவை வாசலுக்குப் போய் வண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்தார்.

ஆவணி முதல் ஞாயிறு. டீச்சர் தலைக்குக் குளித்து, ஈர முடியை நுனியில் முடிந்து, தூக்குவாளியில் பாலும் ஒரு பையில் மஞ்சளும் உப்பும் மிளகும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பூதலிங்கம் ஒரே உதையில் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டார். ஜெட் டப்பாவை எடுக்கவில்லை. கையில் வறுத்த கொத்தமல்லி இருக்கும்போது டப்பா எதற்கு? அதை எடுப்பதே தோல்வியை ஒப்புக்கொள்வது மாதிரி என்று நினைத்தார். டீச்சர் பின்னால் ஏறி உட்கார்ந்தபோது ஷாக்அப்சார்பர் கீச்சென்றது.

"என்னது சத்தம்?"

"அது சந்தோசப்படுது. நீ பிடிச்சு உக்காரு."

தோவாளையைத் தாண்டும்வரை குறையில்லை. ரோடு நேரானதும் ஆக்சிலேட்டரைத் திருகினார். வண்டி போகவில்லை. இன்னும் திருகினார். ஐம்பதுக்கு மேல் முள் ஏறமாட்டேன் என்றது. சிலுவைமுத்துவின் குழாய்க்கு வரவேண்டிய வெறி வரவேயில்லை, படகு மணலில் தட்டியதுபோல் முக்கியது. டீச்சரின் முந்தானை பின்னால் படபடத்தது, தூக்குவாளி ஒருபக்கமாக இழுத்தது. பூதலிங்கம் ஹேண்டில்பார்மேல் குனிந்து படுத்து, முழுக்கத் திருகியபடியே பிடித்துக்கொண்டார். வெள்ளமடம் பெட்டிக்கடை தெரிகிற இடத்தில் எஞ்சின் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் முனகி, சூடேறி, நின்றது.

பூதலிங்கம் கைப்பிடியைச் சும்மா இரண்டு தடவை திருகிப் பார்த்தார்.

"நின்னுட்டா?" என்றார் டீச்சர்.

"இளைப்பாறுது."

பத்து நிமிஷம் ஆறவிட்டு உதைத்தார். கிளம்பியது, இருநூறு அடி போனது, நின்றது. மறுபடி ஆறவிட்டார். மறுபடி நின்றது. டீச்சர் தூக்குவாளியைத் திறந்து பாலைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாகர்கோவில் பஸ் வந்தது.

"பால் திரிஞ்சிரும். நான் ஊத்திட்டு வாறேன்" என்று கையைக் காட்டி ஏறிப் போய்விட்டார். கோபமாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கோபமில்லாமல் போனதுதான் பூதலிங்கத்துக்குத் தாங்கவில்லை.

பெட்டிக்கடை நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாக்கு கொடுத்தாயிற்று. வண்டி போய்விட்டது, அவ்வளவுதான். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அவருக்கு இல்லை. போனை எடுத்துத் தங்கப்பனைக் கூப்பிட்டு, "சாயந்திரம் லாரி கொண்டாரும். எடுத்துக்கிடலாம்" என்றார். அந்தப் பக்கம் தங்கப்பன் ஆறு வருஷத்துச் சந்தோஷத்தையும் ஒரே மூச்சில் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. கடைக்காரர் பார்த்துவிடக்கூடாது என்று எலுமிச்சம்பழம் பிழிந்த நாரங்காத் தண்ணி ஒன்று வாங்கி முகத்துக்கு நேரே வைத்துக் குடித்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து எதிர்ப்பக்கம் ஒரு பஸ் நின்றது. டீச்சர் இறங்கி ரோட்டைக் கடந்து வந்தார்.

"நேரே தோவாளையில எறங்கியிருக்கலாமே நீ" என்றார் பூதலிங்கம்.

"நான் போயிட்டா, நீங்க இத ஒத்தைக்குத் தள்ளிட்டு வருவிய."

கோயில் புற்றுமண் பிரசாதத்தைப் பிரித்து அவர் நெற்றியில் இட்டார். மிச்சத்தை வண்டிமேலும் கொஞ்சம் தூவலாம் என்று கையை நீட்டினார்.

"ஏட்டி, வேண்டாம் வேண்டாம்! மண்ணு போனா ஜெட்டு அடைச்சுக்கும்!"

"இப்ப மட்டும் தொறந்தா கெடக்கு?" என்று சொல்லிவிட்டு, அவர் கழற்றிக் கடைப் பெஞ்சின்மேல் வைத்திருந்த பிளக்கை எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் புருவம் சுருங்கியது. "இது என்ன, சுண்ணாம்பா இருக்கு? அன்னைக்கு நான் பாத்தது கொத்தமல்லிலா?"

"அதுதான் எனக்கும் புடிபடல. அதே ஜெட்டு, அதே வண்டி."

வீட்டுப்பாடத்தைக் காப்பியடித்த பிள்ளையை ஒற்றைக் கேள்வியில் பிடிக்கிறவர் டீச்சர். அந்தப் பார்வை இப்போது கணவர்மேல் விழுந்தது.

"நீங்க இத எங்க ஓட்டிப் பாத்திய?"

"முப்பந்தல் ரோட்டுல."

"போவும்போதா, வரும்போதா?"

"போவும்போது. வரும்போது பையத்தான வருவேன்."

"இன்னைக்குக் காத்து எவ்வளவு?"

பூதலிங்கத்தின் போனில் காலை எழுந்ததுமே அந்தக் கணக்கு வந்துவிடும். இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது. "செகண்டுக்குப் பதிமூணு மீட்டரு. மேக்கேருந்து கெழக்…"

அதோடு வாய் நின்றுவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேலக்காற்று புகுந்து பேய் மாதிரி வீசுகிற இந்த ஊரில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற மனிதர், தன் வண்டியை இத்தனை நாளும் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டே ஓட்டி டியூன் பண்ணியிருக்கிறார். தண்ணீருக்குள் கிடக்கிற மீனுக்குத் தண்ணீர் தெரியாதது மாதிரி இவருக்குக் காற்று தெரியாமல் போயிருக்கிறது. எஞ்சின் பாதி வேலை செய்தது, மீதி வேலையைக் காற்று செய்தது. இன்று மேற்கே நாகர்கோவிலைப் பார்த்து எதிர்க்காற்றில், பின்னால் ஒரு ஆளோடு போகும்போது, நூற்றைந்து ஜெட் தருகிற பெட்ரோல் தொண்டையை நனைக்கக்கூடப் போதாது.

"அட எளவே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

டீச்சர் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்தது தெரிந்தது. "செரி, வண்டியத் திருப்புங்க. வீட்டுக்குப் போவோம்."

திருப்பினார். இப்போது காற்று முதுகில். வண்டி உதைத்ததும் சிலிர்த்துக்கொண்டு கிளம்பி, அறுபது, எழுபது என்று ஏறி, வயிற்றுக்குழாய் வெறிபிடித்து முழங்கியது. பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளை இறுக்கிப் பிடித்தது. 'ஐயோ' என்று ஒரு சத்தம் வந்தது, அது பயந்த சத்தமா வேறு சத்தமா என்று காற்றில் தெரியவில்லை. வயல்கள் பறந்தன. ஒரு லாரியை முந்தினார்கள். வீட்டு வாசலில் நிறுத்தியபோது டீச்சரின் ஈர முடி அவிழ்ந்து காய்ந்து பரட்டையாக நின்றது.

"அதுக்குள்ள வீடு வந்துட்டா?" என்றார் இறங்கிக்கொண்டே.

குத்திக்காட்டுகிறார் என்று பூதலிங்கம் நினைத்தார். "தங்கப்பனுக்குச் சொல்லிட்டேன். நாலு மணிக்கு வாறான்" என்றார். டீச்சர் உள்ளே போனார். மத்தியானம் அவியலில் உப்பு இல்லை. அவர் சமையலில் உப்பு குறைவது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிகம்.

நாலு மணிக்குத் தங்கப்பன் மினி லாரியோடு வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஆளே ஒரு தேங்காய் மூட்டை மாதிரி அகலம். டேங்கைத் தடவினார். புது கார்புரேட்டரை முகர்ந்து பார்த்தார். வயிற்றுக்குழாயைத் தட்டிப் பார்த்து, "கொள்ளாமே! இது எவன் கை?" என்று மெச்சினார்.

"குளச்சல்ல ஒருத்தரு."

"நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டா அண்ணாச்சி?"

பூதலிங்கம் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். கிழக்கே போகச் சொன்னால் வண்டி பாடிக்கொண்டே போகும், 'இப்படி டியூன் பண்ண யாரால முடியும்' என்று தங்கப்பன் கையைப் பிடித்துக் குலுக்குவார், அதோடு வண்டியும் போய்விடும். மேற்கே போகச் சொன்னால் வழியில் நிற்கும், வண்டி மிஞ்சும், ஆனால் 'இவன் என்னத்த மெக்கானிக்கு' என்று களியக்காவிளைவரை சிரிப்பார்கள். வண்டி பெரிதா, மானம் பெரிதா? பாருங்கள் மனுஷப் புத்தியை: மானம்தான் முதலில் முந்திக்கொண்டு வந்தது.

"கெழக்க…" என்று அவர் வாயைத் திறந்தார்.

"மேக்க போங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டீச்சர் சாயா டம்ளரோடு வாசலுக்கு வந்து நின்றார். "நாகர்கோவில் ரோட்டுல போங்கண்ணே. வாங்குற வண்டிய நல்லா முறுக்கிப் பாத்து வாங்கணும். சும்மா பைய ஓட்டுனா என்ன தெரியும்?"

"டீச்சர் பறஞ்சா அப்பீல் உண்டா!" என்று சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தங்கப்பன் மேற்கே கிளம்பினார். சத்தம் தெருமுனையைத் தாண்டித் தேய்ந்தது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நின்றார்கள். சாயந்திரக் காற்று பதினைந்து மீட்டருக்குக் குறையாது என்று பூதலிங்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார். தங்கப்பன் ஒருவரே இரண்டு ஆளுக்குச் சமம். ஐயோ, பிஸ்டன்!

முக்கால் மணி நேரம் கழித்துத் தங்கப்பன் வந்தார். வண்டிமேல் வரவில்லை, மறுபடி உதைத்துப் பார்க்கிற ஆசையே அற்றுப்போய்ப் பக்கத்தில் நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹேண்டில்பாரைப் பூதலிங்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுத் வாசல் திண்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"அண்ணாச்சி, ஆறு வருசமா இதயா நான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டேன்? இது வண்டியா, வள்ளமா? ரோட்டுல நங்கூரம் போட்டுல்லா நிக்குது! நீங்களே வச்சு அனுபவிங்க." காலி லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பூதலிங்கத்துக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. களியக்காவிளையில் நாளைக்கே பேர் நாறப்போகிறது. இருந்தும் கை தானாக டேங்கைத் தடவியது.

"நாயகி, நீ வேணும்னே மேக்க அனுப்பினியா?"

"கெழக்க அனுப்பி, அந்த மனுசன் தலையில கட்டிவிடச் சொல்லுதியளா? ஏமாத்தி விக்கது நமக்கு வேண்டாம்."

"அப்ப நான் குடுத்த வாக்கு?"

"நின்னா விக்கணும்னு சொன்னிய. விக்கப் பாத்தாச்சு. வாங்க ஆளு இல்லன்னா அதுக்கு நான் என்ன செய்ய?"

எட்டாம் வகுப்புக் கணக்கில் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று பூதலிங்கத்துக்கு அன்றுதான் தெரியும். டீச்சர் உள்ளே போய் ஜெட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஷாக்அப்சார்பர் கீச்சென்றது. இந்தத் தடவை அவர் அது என்ன சத்தம் என்று கேட்கவில்லை.

"நூத்திப்பதினஞ்சப் போடுங்க. இப்பிடியே மேக்க போவோம், என்ன வச்சு ஓட்டிப் பாருங்க" என்றார். "இத்தன வருசமும் ஒத்தைக்கு ஓட்டி ஓட்டித்தான எல்லாத்தையும் செரி பண்ணுனிய. ரெண்டு பேரு ஏறுனா என்ன வேணும்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

பூதலிங்கம் குனிந்து கார்புரேட்டரின் அடிமூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.